எஃப்பிஎஸ் ஏறவில்லையா, படம் திக்குகிறதா? அறிகுறி வாரியாகக் கோளாறைப் பிடிக்கும் வழி

கம்ப்யூட்டரில் கேம் ஓடும்போது திரை ஓரத்தில் தெரியும் எஃப்பிஎஸ் எண்ணை (விநாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம்) மட்டும் வைத்துத் திக்கலைப் பிடிக்க முடியாது. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சராசரி 16.7 மில்லி விநாடி. 59 ஃபிரேம்கள் தலா 15 மில்லி விநாடியில் வந்து, மிச்சமிருக்கும் ஒன்று மட்டும் 115 மில்லி விநாடி இழுத்தாலும் கூட்டினால் அதே 60தான் வரும். எண் அசையாது, கண்ணில் மட்டும் ஒரு வெட்டு விழும். அதனால் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் ஃபிரேம் டைம் கோடு.

ஒரு எண்ணுக்கு மேல் ஏறாதபடி பூட்டு விழுந்த எஃப்பிஎஸ்ஸும் திக்கலும் ஒரே நோய் என்று நினைத்து, பூட்டை உடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தேடுபவர்கள் அதிகம். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். தெரியாமல் விழுந்த பூட்டை எடுக்க வேண்டும்தான். ஆனால் திக்கலுக்கு மருந்து, சரியான எண்ணில் நாமே ஒரு பூட்டைப் போடுவது.

முதலில் அளவுகோல்

கிராபிக்ஸ் கார்டைக் கண்காணிக்கும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை நிறுவுங்கள், கூடவே அளவுகளைத் திரையில் காட்டும் ரிவாடியூனரும் வரும். ஆஃப்டர்பர்னர் செட்டிங்ஸில் மானிட்டரிங் பகுதிக்குப் போய் இவற்றைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்: ஃபிரேம் ரேட், ஃபிரேம் டைம், ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சில்லு) பயன்பாடு, ஜிபியு மெமரி, ஜிபியு வெப்பம், சிபியு வெப்பம், சிபியு கிளாக், ஒவ்வொரு கோரின் பயன்பாடு, ரேம். ஃபிரேம் டைமை மட்டும் எழுத்தாக வைக்காமல் வரைபடமாக மாற்றுங்கள். முழு விஷயமும் அந்த ஒரு கோட்டில்தான் இருக்கிறது.

சில ஆன்லைன் கேம்களில் ஏமாற்று நிரல்களைத் தடுக்கும் ஆன்டி-சீட், ரிவாடியூனரை உள்ளே விடாது. அங்கே என்விடியா ஆப்பில் ஆல்ட்டும் ஆரும், ஏஎம்டி கார்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றும் அழுத்தினால் கார்டின் சொந்த அளவீடுகள் திரையில் வரும். அது போதும்.

சோதிக்க ஒரே சேவ், ஒரே பாதை, மூன்று நிமிடம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். யூடியூபில் பார்த்த பதினைந்து மாற்றங்களையும் ஒரே மூச்சில் செய்துவிட்டால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எஃப்பிஎஸ் ஒரே எண்ணில் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது, கோடும் நேராக இருக்கிறது

இது திறன் குறைவு இல்லை. எங்கோ ஒரு பூட்டு விழுந்திருக்கிறது. எந்த எண்ணில் நிற்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

60 என்றால் முதல் சந்தேகம் விண்டோஸ் மீதுதான். விநாடிக்கு 144 முறை படம் மாற்றும் புது 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாட்டினாலும் விண்டோஸ் அதைப் பல நேரம் 60இல்தான் ஓட்டத் தொடங்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய் ரிஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். பட்டியலில் 144 என்ற எண்ணே இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ 1.4 தரத்தில் 1080பிக்குப் பொதுவாக 120 ஹெர்ட்ஸ் வரைதான் வரும், 4கே என்றால் வெறும் 30. டிஸ்பிளேபோர்ட் கேபிளுக்கு மாறினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். போகிற போக்கில் கேபினெட்டின் பின்பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா? சிரிக்கத் தோன்றும், ஆனால் புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் இந்தத் தவறு சகஜம்.

விண்டோஸில் 144 இருந்தும் கேமில் 60 என்றால் கேமின் சொந்த மெனுவில் வி-சிங்க் (ஃபிரேம்களைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்துப்போக வைப்பது), ஃபிரேம் லிமிட் இரண்டையும் பாருங்கள். ஃபுல்ஸ்கிரீனில் ரிஃப்ரெஷ் ரேட்டைத் தனியாகக் கேட்கும் கேம்கள் உண்டு, அங்கே 60 என்றே கிடக்கும்.

62 என்றால் அது அன்ரியல் இன்ஜின் கையெழுத்து. பழைய அன்ரியல் கேம்களில் ஸ்மூத் ஃபிரேம் ரேட் என்ற அமைப்பின் உச்சவரம்பு 62. கேமின் ஐஎன்ஐ ஃபைலில் அந்தப் பெயர் உள்ள வரியைத் தேடி ட்ரூ என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் போய்விடும். ஃபைலை முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

138, 158, 224 போன்ற விசித்திரமான எண்களில் நின்றால் கோளாறே இல்லை. ஜி-சிங்க் (ஃபிரேம் வரும் வேகத்துக்கேற்பத் திரையே மாறிக்கொள்வது), வி-சிங்க், ரிஃப்ளெக்ஸ் (தாமதத்தைக் குறைக்கும் என்விடியா வசதி) மூன்றும் சேர்ந்து இயங்கும்போது என்விடியா டிரைவர் தானே மானிட்டரின் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே பூட்டிவிடும். 144க்கு 138, 165க்கு 158 பக்கம், 240க்கு 224. ஜி-சிங்க் எல்லையைத் தாண்டி வி-சிங்க்கின் தாமதத்தில் போய் விழாமல் இருக்கத்தான் இந்த இடைவெளி. அப்படியே விடுங்கள்.

30 என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்கிறதா பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது என்விடியாவின் பேட்டரி பூஸ்ட் எஃப்பிஎஸ்ஸைக் குறைத்துப் பிடிக்கும். இரண்டாவது, 60 ஹெர்ட்ஸ் திரையில் பழைய பாணி வி-சிங்க், இதைப் பற்றி அடுத்த பகுதியில். மூன்றாவது, கேமே அப்படி எழுதப்பட்டிருப்பது. 2012இல் பிசிக்கு வந்த டார்க் சோல்ஸ், 2013இன் நீட் ஃபார் ஸ்பீடு ரைவல்ஸ் எல்லாம் 30இல் பூட்டப்பட்டே வந்தவை.

இந்த மூன்றாவது வகையில் அவசரப்படக் கூடாது. கேமின் இயக்கவியல் கணக்கு ஃபிரேமோடு கட்டப்பட்டிருந்தால், பூட்டை உடைத்ததும் உலகமே ஓட ஆரம்பித்துவிடும். ரைவல்ஸில் 60க்கு ஏற்றினால் கார்கள் இரட்டை வேகத்தில் பறக்கும். ஸ்கைரிம்மின் 2011 பதிப்பில் 60ஐத் தாண்டினால் மேசையில் இருக்கும் பாத்திரங்கள் தானாகத் துள்ளி விழும். ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸில் ஃபிரேம் லிமிட்டர் 25 அளவில் பிடித்து வைக்கிறது. அதை அணைத்தால் படம் மழமழவென்று ஓடும், ஆனால் சிஜே நீந்தத் தடுமாறுவான். இவற்றுக்கெல்லாம் ரசிகர்கள் செய்த திருத்தங்கள் உண்டு. அவை பூட்டை எடுப்பதோடு இயக்கவியல் கணக்கையும் சேர்த்துத் திருத்துகின்றனவா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். எல்டன் ரிங்கின் 60 பூட்டைத் திருத்தம் போட்டு எடுக்கலாம், ஆனால் ஆன்டி-சீட்டை அணைத்து, ஆஃப்லைனில் மட்டும்தான்.

எந்த எண்ணோடும் பொருந்தவில்லையா? அப்படியானால் பூட்டு ஒளிந்திருக்கும் இடங்களை வரிசையாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான்: கேம் மெனு, என்விடியா கன்ட்ரோல் பேனலின் மேக்ஸ் ஃபிரேம் ரேட் (பொது அமைப்பிலும் அந்தக் கேமின் தனி அமைப்பிலும்), ஏஎம்டியில் ரேடியான் சில், ரிவாடியூனரின் ஃபிரேம் லிமிட், லேப்டாப் நிறுவனம் கொடுத்த மென்பொருளின் சைலன்ட் மோடு. ஆல்ட்-டேப் அடித்து வெளியே வந்தால் மட்டும் எஃப்பிஎஸ் விழுகிறது என்றால் அது பேக்கிரவுண்ட் மேக்ஸ் ஃபிரேம் ரேட், கவலை வேண்டாம்.

60க்கும் 30க்கும் இடையே தாவுகிறது, அல்லது எண் நன்றாக இருந்தும் கேமரா திரும்பும்போது தடக் தடக்கென்கிறது

60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுப் படம் கேட்கும். உங்கள் கார்டு ஒரு ஃபிரேமை 18 மில்லி விநாடியில் முடித்தால் அந்த வண்டியைத் தவறவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு ஃபிரேம்களுக்கு மட்டும் இடம் வைத்திருக்கும் டபுள் பஃபர் வி-சிங்க்கில் அதனால்தான் 55 வர வேண்டிய இடத்தில் 30 வருகிறது. டிரிபிள் பஃபரிங் இருந்தால் 55 வரும், ஆனால் சில ஃபிரேம்கள் ஒரு தடவையும் சில இரண்டு தடவையும் காட்டப்படும். சராசரி அழகாக இருக்கும், கண்ணுக்கு உறுத்தும்.

இதற்கு வழி, கார்டு எப்போதும் எட்டக்கூடிய எண்ணில் பூட்டுவது. மிக மோசமான காட்சியில் 48 வருகிறது என்றால் ஒன்று கிராபிக்ஸைக் குறைத்து 60ஐ உறுதிப்படுத்துங்கள், இல்லையென்றால் 30இல் பூட்டுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 45இல் பூட்டுவது இரண்டுங்கெட்டான். திரை 120 ஹெர்ட்ஸ் என்றால் 40 அருமையான எண், ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக மூன்று முறை காட்டப்படும்.

இதே கணக்கு இன்னொரு இடத்திலும் ஏமாற்றும். 60இல் பூட்டப்பட்ட கேமை ஃப்ரீசிங்க்கோ ஜி-சிங்க்கோ இல்லாத 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஓட்டினால் 144ஐ 60ஆல் வகுக்க 2.4 வரும். ஒரு ஃபிரேம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாறி மாறி விழும். ஃபிரேம் டைம் கோடு நேராக இருந்தும் நடை நொண்டுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். விண்டோஸில் மானிட்டரை 120 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். காசு செலவில்லாத மருத்துவம்.

ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் உள்ள மானிட்டர் என்றால் அமைப்பு இப்படி இருக்கட்டும். மானிட்டரின் சொந்த மெனுவில் அது ஆன் ஆகியிருக்க வேண்டும், பல மானிட்டர்களில் தொழிற்சாலையிலிருந்து ஆஃப் ஆகவே வரும். டிரைவர் பேனலிலும் ஆன். வி-சிங்க்கை டிரைவர் பேனலில் ஆன் செய்து, கேமுக்குள் ஆஃப். பிறகு உச்சத்திலிருந்து குறைந்தது 3 கழித்து ஃபிரேம் லிமிட், 144 என்றால் 141. கேமுக்குள்ளேயே நல்ல லிமிட்டர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், கைக்கும் திரைக்கும் இடையே தாமதம் குறைவு. கோடு அதில் கரடுமுரடாக இருந்தால் ரிவாடியூனருக்கு மாறுங்கள். மிகச் சீரான கோடு அதில்தான் வரும், தாமதம் சற்றே கூடும். இரண்டையும் ஒரே எண்ணில் போட்டால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் புதிதாக ஒரு திக்கலை உண்டாக்கும்.

எஃப்பிஎஸ் மானிட்டரின் கீழ் எல்லைக்கு, பெரும்பாலும் 48க்கு, அருகே ஊசலாடினால் சில திரைகளில் வெளிச்சம் மினுக்கும். அதுவும் கோளாறு இல்லை, எஃப்பிஎஸ்ஸை அந்த எல்லையிலிருந்து விலக்குங்கள்.

ஒரு விஷயம் முதல் தடவை நடக்கும்போது மட்டும் திக்குகிறது

புதுத் துப்பாக்கியை முதல் முறை சுடும்போது, புது எதிரி முதல் முறை வரும்போது, முதல் வெடிப்பில் ஒரு நறுக்கென்ற நிறுத்தம். சேவ் ஃபைலை மறுபடி ஏற்றி அதே இடத்துக்குப் போனால் ஒன்றும் இல்லை. இது ஷேடர் கம்பைலேஷன். டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் கேம்களில் ஒவ்வொரு காட்சி விளைவுக்குமான நிரலை உங்கள் கார்டுக்கும் டிரைவருக்கும் ஏற்ப உங்கள் சிபியுதான் மொழிமாற்ற வேண்டும். கன்சோலில் எல்லோருக்கும் ஒரே சில்லு என்பதால் முன்பே செய்து டிஸ்கில் அனுப்பிவிடலாம், பிசியில் முடியாது. கேம் அதை விளையாட்டின் நடுவே செய்தால் 50, 100 மில்லி விநாடி முட்கள் கோட்டில் எழும். 2022 டிசம்பரில் வந்த தி கலிஸ்டோ புரோட்டோகால் பிசி பதிப்பு முதல் வாரத்தில் திட்டு வாங்கியது இதற்காகத்தான்.

செய்யக்கூடியவை:

கேம் தொடக்கத்தில் ஷேடர்களைத் தயார்செய்கிறேன் என்று ஒரு கோடு ஓடினால் அது முடியும்வரை எதையும் தொடாதீர்கள். 2023இல் பிசிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகத்தில் பழைய சிபியுக்களுக்கு இது அரை மணி நேரத்துக்கு மேலும் ஆனது. பொறுக்காமல் தாண்டிப் போனவர்கள் விளையாட்டில் அவதிப்பட்டார்கள்.

என்விடியா கன்ட்ரோல் பேனலில், தயாரான ஷேடர்களைச் சேமித்து வைக்கும் ஷேடர் கேஷின் அளவை 10 ஜிபி அல்லது அதற்கு மேல் வையுங்கள். இயல்பான அளவில் நான்கைந்து பெரிய கேம்கள் சேர்ந்தால் பழையவை அழிக்கப்பட்டு, திரும்ப விளையாடும்போது முதலிலிருந்து தொடங்கும்.

டிரைவரை மாற்றினால் கேஷும் புதிதாக உருவாக வேண்டும். புது டிரைவர் போட்ட முதல் அரை மணி நேரத்தில் திக்கியதை வைத்து டிரைவரைக் குறை சொல்லாதீர்கள். விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பில் டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ் என்ற பெட்டி டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று வாரம் ஒருமுறை அதை அழிப்பவர்கள் வாரம் ஒருமுறை திக்கலை விலைக்கு வாங்குகிறார்கள்.

கேமில் டைரக்ட்எக்ஸ் 11 என்ற தேர்வு இருந்தால் அதில் ஓட்டிப் பாருங்கள். சிபியு பலவீனமான கம்ப்யூட்டரில் சராசரி கொஞ்சம் இறங்கினாலும் முட்கள் குறையலாம்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு கெட்டுப்போகிறது

இரண்டு ஆசாமிகள் இதைச் செய்வார்கள்: நிரம்பிய விஆர்ஏஎம் (கிராபிக்ஸ் கார்டின் சொந்த மெமரி), ஏறிய வெப்பம். இரண்டையும் பிரித்தறிவது எளிது. கிளாக் வேகம் இறங்கியிருந்தால் வெப்பம். கிளாக் அப்படியே இருந்து மெமரி கூரையை முட்டியிருந்தால் விஆர்ஏஎம்.

விஆர்ஏஎம் முதலில். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியுவைத் திறந்தால் டெடிகேட்டட், ஷேர்டு என்று இரண்டு அளவுகள் தெரியும். டெடிகேட்டட் முழுவதும் நிரம்பி, ஷேர்டு அளவு கேம் ஓட ஓட ஏறுகிறது என்றால் கார்டில் இடமில்லாமல் டெக்ஸ்ச்சர்கள் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) சாதாரண ரேமுக்குத் தள்ளப்படுகின்றன. அங்கிருந்து ஒவ்வொரு முறையும் பிசிஐ-எக்ஸ்பிரஸ் பாதை வழியாக இழுத்து வர வேண்டும், அந்தப் பாதை விஆர்ஏஎம்மின் வேகத்தில் ஒரு சிறு பங்குதான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரியான கார்டில் இது இன்னும் கொடுமை: 4 ஜிபி மெமரி, பாதையும் நான்கே தடம். அதைப் பிசிஐ-எக்ஸ்பிரஸ் 3.0 போர்டில் போட்டால் அந்த நான்கு தடமும் பாதி வேகத்தில் ஓடும்.

டெக்ஸ்ச்சர் தரத்தை ஒரு படி இறக்கி, கேமை மூடித் திறங்கள். மூடாமல் மாற்றினால் சில கேம்கள் பழைய டெக்ஸ்ச்சர்களை விடாமல் பிடித்திருக்கும். இடம் இருக்கும்வரை டெக்ஸ்ச்சர் தரம் எஃப்பிஎஸ்ஸை ஏறக்குறைய பாதிக்காது, இடம் தீர்ந்ததும் ஒரேயடியாகக் கவிழ்க்கும். அதனால் 6 ஜிபி, 8 ஜிபி கார்டுக்காரர்கள் அல்ட்ராவுக்கும் ஹைக்கும் நடுவே கண்ணால் வித்தியாசம் தெரிகிறதா என்று நேர்மையாகப் பார்த்து முடிவெடுக்கலாம். ரே டிரேசிங், ஃபிரேம் ஜெனரேஷன் இரண்டும் விஆர்ஏஎம்மைத் தனியாகத் தின்பவை. பின்னால் திறந்து கிடக்கும் குரோமும் டிஸ்கார்டும் அதே மெமரியில்தான் பங்கு கேட்கும், மூடுங்கள்.

இப்போது வெப்பம். லேப்டாப்பில் சிபியு 95 முதல் 100 டிகிரியைத் தொட்டு, 4 கிகாஹெர்ட்ஸில் ஓடியது 2க்கோ அதற்கும் கீழோ சரிந்து, ஆறியதும் ஏறி, மறுபடி சரிந்தால் கோடு ரம்பப் பல்லாகத் தெரியும். சித்திரை வெயிலில் அறையே 36, 37 டிகிரி இருக்கும் நம் ஊர்களில் மார்கழியில் ஓடிய கேம் மே மாதம் திக்குவதில் மர்மம் எதுவும் இல்லை.

முதலில் பின்பக்கத்தை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள். மெத்தை மேல் வைத்து விளையாடினால் எந்தக் கூலிங் பேடும் காப்பாற்றாது. அடுத்து, எஃப்பிஎஸ்ஸை 60இல் பூட்டுங்கள். திரை காட்டப்போகாத ஃபிரேம்களுக்காகச் சில்லுகள் வெந்துகொண்டிருக்க வேண்டாம். மூன்றாவது, பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு அமைப்பில் பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட் என்பதன் கீழ் மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்டை 100இலிருந்து 99 ஆக்குங்கள். ஒரே ஒரு எண்தான், ஆனால் அது சிபியு தானே வேகம் ஏற்றிக்கொள்ளும் டர்போவை முழுவதும் நிறுத்தும். சராசரி கொஞ்சம் குறையும், வெப்பம் பல லேப்டாப்களில் 15, 20 டிகிரி வரைகூட இறங்கும், கோடு நேராகும். சில மாடல்களில் இந்த வரி மறைக்கப்பட்டிருக்கும்.

இரண்டு மூன்று வருடம் ஓடிய லேப்டாப் என்றால் திறந்து தூசி தட்டி தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டிய நேரம் வந்திருக்கும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கண்மண் தெரியாமல் சுழல விட்டால் பேரிங் போய்விடும்.

வெப்பம் 60 டிகிரிதான், ஆனால் சிபியு கிளாக் 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸில் அப்படியே படுத்துக் கிடக்கிறதா? சார்ஜரைப் பாருங்கள். 180, 230 வாட் சார்ஜரோடு வந்த கேமிங் லேப்டாப்பை 65 வாட் டைப்-சி சார்ஜரில் ஓட்டினாலோ, சார்ஜரின் நடு ஊசி பழுதாகி லேப்டாப் அதை அடையாளம் காணாமல் போனாலோ சிபியு இப்படி முடங்கும். ஹெச்டபிள்யு இன்ஃபோ என்ற கருவியில் புரோச்சாட் (சிபியு வேகத்தைக் கட்டாயமாகக் குறைக்கும் சமிக்ஞை) என்ற வரியில் யெஸ் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஜிபியு பயன்பாடு 50, 60 சதவீதம்தான், எஃப்பிஎஸ் குறைவு, கோட்டில் முட்கள்

கேம் ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறவே இல்லையென்றால் முட்டுக்கட்டை சிபியு பக்கம். மொத்த சிபியு 25 சதவீதம்தானே என்று ஏமாற வேண்டாம். 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) உள்ள சிபியுவில் கேமின் முதன்மைத் திரெட் ஒரு கோரை முழுதாக விழுங்கினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான்.

இந்த நிலையில் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போட்டு ரெசல்யூஷனைக் குறைப்பதால் பயன் இல்லை. குறைக்க வேண்டியவை கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம், நிழல்கள், ரே டிரேசிங். கடைசியாகச் சொன்னது ஜிபியு வேலை என்றே நினைக்கிறார்கள், சிபியு மேலும் நல்ல சுமையை ஏற்றும்.

அதற்கும் முன்னால் ரேமைப் பாருங்கள். கடைக்காரர் 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டுக் கொடுத்திருந்தால் மெமரியின் பாதைகளில் ஒன்று சும்மா கிடக்கிறது. இரண்டு 8 ஜிபி குச்சிகளை, நான்கு ஸ்லாட் போர்டில் சிபியுவிலிருந்து எண்ணினால் 2ஆவதிலும் 4ஆவதிலும் போடுங்கள். ரைசன் 5 5600ஜி போலத் தனிக் கார்டு இல்லாமல் ஓடுபவற்றில் இந்த வித்தியாசம் கண்ணைப் பறிக்கும், ஏனென்றால் கிராபிக்ஸும் அந்த ரேமைத்தான் நம்பியிருக்கிறது.

அடுத்து வேகம். 3200 என்று பெட்டியில் எழுதிய டிடிஆர்4 ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யாதவரை 2133 அல்லது 2400இல் ஓடக்கூடும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகமும் எத்தனை ஸ்லாட் என்பதும் இருக்கும். சிபியு-இசட்டில் 1600 என்று காட்டினால் பதற வேண்டாம், அது பாதிக் கணக்கு, உங்களுடையது 3200தான். 8 ஜிபி ரேமே மொத்தம் என்றால் இன்றைய பெரிய கேம்களுக்கு வேறு வழியில்லை, கூட்டத்தான் வேண்டும். பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) அணைத்தால் வேகம் கூடும் என்ற பழைய அறிவுரையை மட்டும் கேட்காதீர்கள். திக்கிய கேம் கிராஷ் ஆகும், அவ்வளவுதான்.

வேகமாக வண்டி ஓட்டும்போது, புதுப் பகுதிக்குள் நுழையும்போது திக்குகிறது

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்றால், கேம் ஹார்டு டிஸ்கில் இருந்தால், கேமை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். 2023இன் ஸ்டார்ஃபீல்டு எஸ்எஸ்டியைக் கட்டாயமாகவே கேட்டது. சைபர்பங்க் 2077உம் அதே வருடம் 2.0 பதிப்போடு ஹார்டு டிஸ்கைக் கைவிட்டது. எஸ்எஸ்டியிலேயே 10, 15 சதவீதம் காலியாக வைத்திருங்கள், விளிம்புவரை நிரப்பிய மலிவு விலை எஸ்எஸ்டி மூச்சு வாங்கும்.

எஸ்எஸ்டி, போதுமான ரேம், நிரம்பாத விஆர்ஏஎம் எல்லாம் இருந்தும் ஒரே கதவில், ஒரே தெருமுனையில் ஒவ்வொரு முறையும் ஒரு வெட்டு விழுகிறதா? ஷேடர் திக்கல் இரண்டாம் முறை போய்விடும், இது போகாது. கேம் அந்த இடத்தில் அடுத்த பகுதியை ஏற்றுகிறது, அந்த வேலை முதன்மைத் திரெட்டை நிறுத்தி வைக்கிறது. 2023இன் டெட் ஸ்பேஸ், ஸ்டார் வார்ஸ் ஜெடை சர்வைவர் இரண்டிலும் விலை உயர்ந்த கம்ப்யூட்டர்கள்கூட இதில் தப்பவில்லை. உங்கள் பக்கம் செய்ய ஒன்றும் இல்லை. பேட்ச் வரும்வரை பணத்தையும் நேரத்தையும் மிச்சம் பிடியுங்கள்.

கடிகாரம்போல் சீரான இடைவெளியில் திக்குகிறது

இரண்டு விநாடிக்கு ஒருமுறை, பத்து விநாடிக்கு ஒருமுறை என்று முட்கள் ஒரே இடைவெளியில் வந்தால் கேம் காரணமாக இருப்பது அபூர்வம். வேறு ஏதோ நிரல் நேரம் வைத்து எட்டிப் பார்க்கிறது. ஆர்ஜிபி விளக்கு மென்பொருள்கள், மதர்போர்டு நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருள்கள் முதல் குற்றவாளிகள். அளவு பார்க்கத் திறந்த கருவியே திக்கலை உண்டாக்குவதும் உண்டு. ஒன்றுக்கும் மேற்பட்ட கருவிகள் ஒரே சென்சாரைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றை மூடுங்கள்.

ரைசன் கம்ப்யூட்டரில் எப்போதாவது ஒருமுறை, ஒழுங்கில்லாமல், ஒலியும் படமும் சேர்ந்து ஓரிரு விநாடி இழுத்தால் அது வேறு கதை. எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி மதர்போர்டின் ஃபிளாஷ் மெமரியோடு பேசும்போது மொத்த சிஸ்டமும் நிற்பதாக ஏஎம்டியே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. அந்த வருடம் மே முதல் வந்த, ஏஜிசா (பயாஸுக்கு ஏஎம்டி தரும் அடிப்படை நிரல்) 1.2.0.7 உள்ள பயாஸ்களில் சரிசெய்தார்கள். உங்கள் பயாஸ் அதற்கு முந்தியதென்றால் புதுப்பியுங்கள். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொண்டு.

இன்னும் சில

மவுஸை வேகமாகச் சுழற்றும்போது மட்டும் திக்கினால் மவுஸ் மென்பொருளில் போலிங் ரேட்டை (மவுஸ் விநாடிக்கு எத்தனை முறை தகவல் அனுப்புகிறது என்ற எண்) 8000இலிருந்து 1000 ஆக்குங்கள்.

திக்கலோடு ஸ்பீக்கரிலும் கரகரப்பு வந்தால் ஏதோ ஒரு டிரைவர் சிபியுவை விடாமல் பிடித்திருக்கிறது. லேட்டன்சிமான் என்ற கருவி எந்த டிரைவர் என்று பெயர் சொல்லும், பல நேரம் அது வைஃபை டிரைவர். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு ஆஃப்லைன் கேமை ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உங்கள் கேமரா வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, கோடும் நேராக இருக்கிறது, ஆனால் எதிரிகள் மட்டும் தாவித் தாவி நகர்கிறார்கள் என்றால் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். அது நெட். வைஃபையை விட்டு லேன் கேபிளில் போட்டுப் பாருங்கள்.

எதுவுமே பொருந்தவில்லை, நேற்றுவரை நன்றாக ஓடியது, நடுவில் கார்டையோ டிரைவரையோ மாற்றினீர்கள் என்றால் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலரைப் பயன்படுத்தலாம். புது டிரைவரை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் போய்ப் பழையதைத் துடைத்து, ரீஸ்டார்ட் செய்து, நெட்டை இணைக்கும் முன்பே புதியதைப் போட வேண்டும். நெட் இணைந்திருந்தால் நடுவில் விண்டோஸ் அப்டேட் தன்னிடமிருக்கும் ஏதோ ஒரு டிரைவரைத் திணித்துவிடும். போட்டு முடித்த பிறகு ஷேடர் கேஷ் காலி என்பதை நினைவில் வைத்து, முதல் முறை ஓடவிட்டு, இரண்டாம் முறையில் அளவெடுங்கள்.